மணிக்கணக்கு

டேட்டன் நகரில், மூடிக்கிடக்கும் டயர்க் கடைக்கும்
நகத்துக்கு வண்ணம் பூசும் கடைக்கும் நடுவே
எங்கள் கம்பெனி.
மூன்று பேர், இரண்டு சன்னல், ஒரு கழிப்பறை.
விமானப்படைத் தளத்திலிருந்து எது கிளம்பினாலும்
மேசைமேல் காப்பி நடுங்கும்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
அரசுப் பணத்தில் ஒவ்வொரு கால்மணிக்கும் ஓர் எண் உண்டு.
ஈயம் உருக்கினால் நாற்பத்தொன்று.
அறிக்கை தட்டினால் நாற்பத்திரண்டு.
சும்மா இருந்தால் தொண்ணூறு.
தொண்ணூறுக்கு மட்டும் அரசு தராது.

வெர்னா ஹாஸ்கெட் முதலில் செய்தது
தேன்கூட்டுக்கு ஒரு காது.
தீப்பெட்டி அளவுதான். உள்ளே ஒட்டிவைத்தால்
ராணி போன கூட்டின் ஓலத்தை
அன்றைக்கே பிடித்துவிடும்.
விற்றது பதினேழு.
இரண்டு திரும்பி வந்தன.

அப்புறம் அந்த அறிவிப்பு:
தாழப் பறக்கும் ட்ரோனை
ஒலி கொண்டே கண்டுபிடிக்க வேண்டும்.
சிறு நிறுவனங்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்.
பதினைந்து பக்கம். ஓரம் ஓர் அங்குலம்.
எங்கள் பேச்சில் ட்ரோன் என்றால்
முதலில் ஆண் தேனீ.
வெர்னா சிரித்தாள்,
பதினாறாம் பக்கத்துக்கு ஓடிய வரிகளை
காலைப் பிடித்து இழுத்து வந்து
விடியற்காலை நாலுக்கு அனுப்பினாள்.

முதல் கட்டப் பணம்
காகிதத்தில் முடியும் என்று காட்ட.
ஓடெல் இரண்டு வருடமாய்த் தள்ளிப்போட்ட
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டான்.
இரண்டாம் கட்டப் பணம்
பெட்டியாய்ச் செய்து காட்ட.
மூன்றாவது கட்டத்தில் பணமே கிடையாது,
வாங்குகிறவனை நீயே தேடிக்கொள்.
இந்த இடைவெளிக்கு இங்கே எல்லாரும் வைத்திருக்கும் பெயர்
சாவுப் பள்ளத்தாக்கு.
அங்கே செத்ததெல்லாம் கம்பெனிகள்தான்.
மனிதர்கள் சாவது அதைக் கடந்த பிறகு,
வேறு ஊரில்.
எங்கள் பெட்டி கேட்கும், அவ்வளவுதான் என்று
என் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.
கேட்டு? என்றான்.

ஜூனில் சோதனை, இண்டியானாவில் ஒரு வெளி.
க்ளோவர் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது.
முதல் ட்ரோனை அரை மைல் தூரத்தில் பிடித்தது பெட்டி.
கைதட்டினார்கள்.
அப்புறம் நாற்பது நிமிடத்தில்
இருநூற்றுப் பதினொரு தடவை
எதிரி எதிரி என்று அலறியது.
எதிரி பூவுக்கு வந்திருந்தாள்,
காலில் மகரந்தத்தோடு.

கர்னல் மரியாதையாகவே எழுதினார்:
பொய் எச்சரிக்கை அதிகம்.
தேனீயை நீக்குங்கள், பேசலாம்.

பதினொரு வாரம்.
தான் கேட்கக் கற்றுக்கொடுத்த காதுக்கு
கேட்காமலிருக்கக் கற்றுக்கொடுத்தாள் வெர்னா.
இருநூற்றைம்பது ஹெர்ட்ஸைச் சுற்றி வேலி.
பூ தேடிப் போகும் ஒலி, பாரத்தோடு திரும்பும் ஒலி,
ராணி போன ஓலம்,
எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்.
நான் எழுதினேன்
நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.

பணம் வந்தது.
எங்கள் மூவர் வீட்டையும் விற்றாலும் வராத பணம்.
பக்கத்துக் கடை துயென் கேக் அனுப்பினாள்,
மேலே சர்க்கரையில் ஒரு சின்ன ராக்கெட்.
நாங்கள் ராக்கெட் செய்வதில்லை என்று
யாரும் சொல்லவில்லை.
நல்ல கேக்.

நேற்று சாயங்காலம் கொல்லையில் பார்த்தேன்,
வெர்னா புதுப் பெட்டியைத் தூக்கி வந்து
தன் கூட்டின் மூடிமேல் வைத்தாள்.
பச்சை விளக்கு.
ஐம்பதாயிரம் உயிர் உள்ளே இரைந்துகொண்டிருக்க
எதுவுமில்லை என்றது பெட்டி.
அவள் அதை இறக்கிப் புல்லில் வைத்துவிட்டு
பலகையில் காதை ஒட்டிக்கொண்டாள்.
நாலு நாற்பதிலிருந்து ஐந்து பத்து வரை.

இன்று வெள்ளி. தாளை அனுப்ப வேண்டும்.
அந்த அரைமணிக்கு என்ன எண் என்று கேட்டேன்.
தொண்ணூறு, என்றான் ஓடெல், நிமிராமல்.
வெர்னா கேட்காதவள் போலிருந்தாள்.
கட்டத்தைக் காலியாக விடக்கூடாது.
பேனாவால்தான் எழுத வேண்டும்.

பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.